ஃபார்மட் போடச் சொல்வது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வைரஸ் எடுக்கத்தானே கொடுத்தேன், எதற்கு ஃபார்மட் போட வேண்டும்?" என்று பலர் எங்களிடம் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஃபார்மட் என்றால் டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. கவுண்டரில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால் இந்த மடல்.

நாங்கள் ஃபார்மட் போடச் சொல்வது பேக்டோர் என்ற வகை வைரஸுக்குத்தான். அதைக் கொல்லைக் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பூட்டு தொங்கும், பின்னால் கதவு திறந்து கிடக்கும். வெளியிலிருந்து யாரோ உடைத்துக்கொண்டு வருவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. உங்கள் கணினிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன புரோகிராம், தானே இணையம் வழியாகத் தன் எஜமானனைக் கூப்பிடுகிறது. வீட்டு மோடம் உள்ளே வரும் அழைப்பைத்தான் தடுக்கும், வெளியே போவதைத் தடுக்காது. இணைப்பு கிடைத்துவிட்டால் நீங்கள் தட்டும் எழுத்து, திரையில் தெரிவது, கேமரா, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகக்காரர் ஒருவர் தன் கணினியைக் கொண்டுவந்தார். வேறு குறை எதுவும் இல்லை, யாரும் தொடாதபோதும் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கிறது என்றார். திறந்து பார்த்தால், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரில் 'இதைச் சோதிக்க வேண்டாம்' என்ற விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதும் இருந்தது. அவர் ஒரு டிசைன் மென்பொருளின் கிராக்கை, அதாவது காசு கொடுக்காமல் ஓடவைக்கும் திருட்டுப் பதிப்பை, இறக்கியிருக்கிறார். 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்' என்று அதில் எழுதியிருந்ததாம், அணைத்திருக்கிறார். ஓடும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது விண்டோஸின் சொந்தப் பெயர்தான். ஆனால் உண்மையானது சிஸ்டம்32 போன்ற விண்டோஸின் சொந்தக் கோப்புறையில் இருக்கும். இதுவோ மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளைச் சேமிக்கும் அவருடைய ஆப்டேட்டா கோப்புறைக்குள் ஒளிந்திருந்தது.

அதை அழித்தோம், ஸ்கேன் போட்டோம், சுத்தம் என்று வந்தது. கொடுத்தனுப்பினோம். மூன்றாம் நாள் அதே ஃபேன், அதே இரைச்சல். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் 'அப்டேட்' என்று பெயர் வைத்த ஒரு வேலை பதிந்திருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, கோப்பு இல்லையென்றால் மறுபடி இறக்கிக்கொள்ளும். அதை நாங்கள் முதல் தடவையே பார்த்திருக்க வேண்டும். அந்த மூன்று நாளும் அவர் அதே கணினியில்தான் வங்கிக் கணக்கைத் திறந்திருக்கிறார். பணம் எதுவும் போகவில்லை. ஆனாலும் அந்த நினைப்பு இன்னும் எங்களை உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் இந்த முடிவை எடுத்தோம். விளம்பரம் காட்டித் தொல்லை செய்யும் சாதாரண சங்கதி என்றால் ஸ்கேன் போதும், ஃபார்மட் வேண்டாம். பேக்டோர் என்று உறுதியானால் ஃபார்மட்தான். உள்ளே வந்தவர் இன்னும் எத்தனை இடத்தில் என்னென்ன வைத்துவிட்டுப் போனார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

"நான் ஒரிஜினல்தானே பயன்படுத்துகிறேன்" என்பவர்களுக்கு ஒன்று. 2017இல் சிகிளீனர் (CCleaner) என்ற, கணினியில் சேரும் குப்பைக் கோப்புகளை நீக்கும் பிரபல மென்பொருளின் 5.33 பதிப்பிலேயே, அதை வெளியிட்டவர்களுக்குத் தெரியாமல் பேக்டோர் நுழைந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது இறங்கியிருந்தது. இது அபூர்வம்தான். எங்களிடம் வருபவற்றில் பெரும்பாலானவை கிராக், காசு கொடுக்காமல் விண்டோஸ் போன்றவற்றைச் செயல்படுத்தும் ஆக்டிவேட்டர், பிடிஎஃப் போல் வேஷம் போட்டு மெயிலில் வரும் இஎக்ஸ்இ கோப்பு (திறந்தால் புரோகிராமாக ஓடுவது), இந்த மூன்றில் ஒன்றுதான்.

சந்தேகம் வந்தால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பதற்றத்தில் அதே கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றிவிடாதீர்கள், புது பாஸ்வேர்டையும் அது படித்துக்கொள்ளும். வேறு போனிலிருந்து மாற்றுங்கள். மாற்றியதும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள், ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் பாஸ்வேர்டு இல்லாமலே தொடர முடியும். பணம் போயிருந்தால் எங்களைக் கூப்பிடும் முன் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள், பிறகு வங்கிக்கு. அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

நெட் இல்லாமலே நீங்கள் செய்யக்கூடியது டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே சோதிப்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்பவையும் அகப்படும். சுமார் கால் மணி நேரம் ஆகும். அப்படியே அந்த விலக்குப் பட்டியலையும் பாருங்கள், நீங்கள் சேர்க்காத ஒன்று அங்கே இருந்தால் உடனே கொண்டுவாருங்கள்.

ஃபார்மட் என்றதும் படம் போய்விடும், கணக்கு போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். போகாது. எங்கள் லினக்ஸ் பென்டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, உங்கள் விண்டோஸ் ஓடாத நிலையில் டேட்டாவை மட்டும் நகலெடுக்கிறோம். போட்டோ, ஆவணம், கணக்கு டேட்டா, தமிழ் ஃபாண்ட்கள் எல்லாம் ஸ்கேன் ஆகித் திரும்பி வரும். நிறுவும் கோப்புகள் மட்டும் வராது. கிராக் போட்டுத் தரச் சொல்லி இனி யார் கேட்டாலும் செய்ய மாட்டோம், மன்னிக்கவும். செலவில்லாத மாற்று மென்பொருள் இருந்தால் நாங்களே போட்டுப் பழக்கியும் விடுகிறோம்.

இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். உங்களிடம் போனில் சம்மதம் வாங்காமல் ஃபார்மட் போட மாட்டோம். வரும்போது சார்ஜரையும், எந்தெந்தக் கோப்பு கட்டாயம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணினி சர்வீஸ் கடையினர்