இலைமூக்கு ஓணானைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இதழில் இலங்கையின் மத்திய மலைநாட்டிலுள்ள நக்கிள்ஸ் மலைத்தொடர் பற்றி வந்த பயணக் கட்டுரையை வாசித்தேன். படங்கள் அருமை, ஆனால் எங்கே நின்றால் படம் நன்றாக வரும் என்பதைத் தவிர அந்த மலையைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. ஒரு திருத்தமும் உண்டு. அங்கே ஆக உயரமானது 1,863 மீற்றர் நக்கிள்ஸ் சிகரம் அல்ல, 1,906 மீற்றர் உயரமான கொம்பனிய.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கீரிமலை என்று பெயரில்தான் மலை. தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்தையும் வடகிழக்கிலிருந்து வரும் வாடையையும் கடலோடு வைத்துத்தான் தெரியும். இந்த இரண்டு காற்றும் கொண்டுவரும் மழையை வாங்கி மகாவலி ஆற்றுக்கு அனுப்புகிற மலை நக்கிள்ஸ்.

இரண்டு வருடத்துக்கு முன் குடும்பமாக வான் பிடித்து ரத்தோட்டை வழியாக அந்த மலைத்தொடரிலுள்ள ரிவர்ஸ்டன் போனோம். முன்பு ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்த ஐயா ஒருவர் ஒரு மரத்தடியில் எங்களை மறித்து, கையால் காட்டினார். பாசி நிறத்தில் ஒரு இலைமூக்கு ஓணான், மூக்கு நுனியில் சின்ன வெற்றிலை ஒட்டினதுபோல ஒரு சதை. ஒரு முழம் கிட்டப் போயும் அது ஓடவில்லை, கண்ணை மட்டும் உருட்டியது. உலகத்திலேயே இந்த மலைத்தொடரில் மட்டும்தான் இந்த இனம் இருக்கிறது. ஓடாததுதான் அதற்கு வினை. பின்னால் வந்த பெடியன் ஒருவன், நம்ம ஊர்ப் பிள்ளைதான், அதைப் பிடித்துத் தோளில் வைத்து செல்பி எடுத்தான், எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

அந்தக் காடு ஏற்கெனவே பட்டது போதும். ஏலம் நட நிழலுக்குப் பெரிய மரங்களை விட்டுவிட்டு, கீழே முளைத்த கன்றுகளையெல்லாம் வெட்டினார்கள், காயை உலர்த்தவும் அதே காட்டு விறகுதான். பெரிய மரம் சாய்ந்தால் அந்த இடத்தில் எழும்பக் கன்று இல்லை. 2000 ஆம் ஆண்டில்தான் பாதுகாப்பு வனமாக அறிவித்தார்கள், 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

ஓகஸ்ட் விடுமுறைக்கு இங்கிருந்து நிறையப் பேர் போவார்கள். அதற்கு முன் அந்த ஓணானின் படத்தைப் பெரிதாகப் போட்டு, பார்க்கலாம், தொடக்கூடாது என்று எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்