வேலி போட்ட குளத்துக்கு யார் வருவார்கள்?

அன்புள்ள ராஜி,

நீ அனுப்பிய வரைபடங்களும் அதோடு வந்த நீளமான கடிதமும் கிடைத்தன. போனிலேயே பதில் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் நாம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் பேச்சு கும்பகோணத்து விடுதிச் சாம்பாரில்தான் போய் நிற்கும், கேட்ட விஷயம் அப்படியே கிடக்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு முட்டி வலி இருக்கிறது, மாடி ஏறுவதை நிறுத்தியாயிற்று. சின்னவளுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்துவிட்டது. அறுப்புக்கு முன்னால் தாளடியில் தெளித்த உளுந்து இப்போது பூ பிடித்திருக்கிறது. மேட்டூரை மூடிவிட்டார்கள், வெண்ணாற்றில் மணல் தெரிய ஆரம்பித்துவிட்டது.

சரி, உன் வரைபடத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையில் வரப்போகும் அந்தக் குடியிருப்புக்கு மரப் பட்டியல் மட்டும்தான் என்னிடம் கேட்டிருக்கிறாய். ஆனால் பார்த்ததும் என் கண்ணில் பட்டது மரம் இல்லை. கிழக்குப் பக்கம் ஒரு கோடு போட்டுக் குழாய் என்று குறித்திருக்கிறதே, அது வாய்க்கால்தானே? அதை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, நடுவில் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குளம் ஒன்றும் அதில் நீரூற்றும் காட்டியிருக்கிறார்கள். ஓடுகிற தண்ணீரை மூடிவிட்டு, ஓடாத தண்ணீருக்கு மோட்டார் வைப்பது என்ன கணக்கு? நீ போட்ட திட்டம் இல்லை, கட்டடக்காரர் கேட்டது என்று தெரியும். இருந்தாலும் ஒருமுறை சொல்லிப் பார். அந்த வாய்க்காலுக்குக் கீழே யாருடைய வயலாவது இருக்கும். அதைத் திறந்தே விட்டு, இரண்டு பக்கமும் நடக்க வழி விட்டு, நாலு இடத்தில் படி இறக்கினால் போதும். அந்த வளாகத்துக்கு வேறு அழகு தேவையில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பெரிய குளம். என் கல்யாணத்துக்கு வந்தபோது நீ பார்த்ததுதான். அதைச் சீரமைக்கப் பணம் வந்திருக்கிறது, நல்ல விஷயம். தாவரவியல் வாத்தியாரம்மா என்று என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். திட்டம் என்ன தெரியுமா? நாலு பக்கமும் செங்குத்தாக சிமென்ட் சுவர், மேலே பேவர் பிளாக் நடைபாதை, சுற்றிக் கம்பி வேலி, ஒரு கேட், சிமென்ட் பெஞ்சு, உயரமான விளக்குக் கம்பம். படத்தில் பார்க்க ஜோராக இருந்தது. தண்ணீரைத் தொட மட்டும் வழியில்லை.

குளத்தின் உயிர் எல்லாம் கரையோரத்தில்தான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் ஆழத் தண்ணீரில்தான் கோரையும் அல்லியும் பிடிக்கும். விரால் குஞ்சு பொரித்துக் காவல் காப்பது அந்தச் செடிகளுக்கு நடுவில்தான். நத்தைக்குத்தி நாரை நத்தை தேடி நடப்பதும் அங்கேதான். சுவர் எழுப்பினால் அந்த ஓரமே கிடையாது. தவறி விழுந்த நாய்கூட ஏற முடியாது, குழந்தை விழுந்தாலும் அதே கதைதான். பாதுகாப்புக்காகத்தான் வேலி என்றார்கள். சரிவான கரையை எடுத்துவிட்டு ஆபத்தை உண்டாக்குவது, அப்புறம் அந்த ஆபத்துக்கு வேலி போடுவது. இதைக் கூட்டத்தில் சொன்னேன். பொறியாளர் தம்பி நல்ல பையன், குறித்துக்கொண்டான். மீன் குத்தகைக்காரர்தான் முறைத்தார். செடி இருந்தால் வலை இழுக்க முடியாதாம்.

சீனாவின் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் கோங்ஜியான் யூவைப் பற்றி முன்பு எனக்குச் சொன்னதே நீதான். 2025 செப்டம்பரில் பிரேசிலில் விமான விபத்தில் இறந்துபோனார் என்று படித்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். மழைத் தண்ணீரை விரட்டாமல் ஊரே உறிஞ்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர். ஜின்ஹுவா நகரத்தில் ஆற்றோரம் இருந்த வெள்ளத் தடுப்புச் சுவரை எடுத்துவிட்டுப் படிப்படியாக மண் கரை அமைத்துப் பூங்கா ஆக்கினார் இல்லையா? வெள்ளம் வந்தால் பூங்காவில் பாதி முழுகும், வடிந்ததும் மக்கள் மறுபடி இறங்குவார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் படித்துறை வேறு என்ன? வழக்கப்படி ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால் ஜனவரி 28 வரை தண்ணீர், மிச்ச நாளெல்லாம் மணல். தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தாலும் அந்த மட்டத்தில் ஒரு படி காத்திருக்கும். முழுகுவதற்கென்றே கட்டியது அது. திருவையாற்றுப் புஷ்ய மண்டபமோ மயிலாடுதுறைத் துலாக்கட்டமோ, எந்தப் படியில் நின்றாலும் ஆற்றுக்கும் நமக்கும் நடுவில் எதுவும் கிடையாது. யூ தன் கிராமத்துக் குளம் குட்டைகளிலிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்வார். நாம் நம்முடையதைக் கம்பி வேலிக்குள் அடைத்துவிட்டு அவரை மேற்கோள் காட்டுகிறோம்.

திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்களே, அதையும் யோசித்துப் பார். ஐந்து வேலி என்றால் 33 ஏக்கர் சொச்சம். சாமிக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு தண்ணீருக்கும். இன்றைக்கு எந்த மனைப்பிரிவில் அப்படி ஒரு பங்கு கிடைக்கும்?

ஆனால் பழசைப் பேசிப் பெருமூச்சு விடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. படித்துறைக்கு ஜனங்கள் வந்தது இயற்கையை ரசிக்க இல்லை. குளிக்க, துவைக்க, குடம் நிரப்ப, மாடு கழுவ வந்தார்கள். இப்போது வீட்டுக்கு வீடு குழாய், தெருவுக்குத் தெரு ஆழ்துளைக் கிணறு. காவிரி காய்ந்த வருஷங்களில் ஆடிப்பெருக்கையே குழாயடியில் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள் நாம். தேவை போன பிறகு மனிதர்களைத் தண்ணீர்ப் பக்கம் எது கூட்டிவரும்? உன் தொழிலில் இருக்கும் நிஜமான கேள்வி இது என்று நினைக்கிறேன். செல்பி எடுக்க ஒரு வளைவு வைத்தால் ஒரு மாதம் வருவார்கள். அவ்வளவுதான்.

எனக்குத் தோன்றுவது, மறுபடி வேலைகளைத்தான் உண்டாக்க வேண்டும். பெரிய வேலை இல்லை. எங்கள் தெருப் பெண்கள் சாயங்காலம் நடக்க இடம் தேடுகிறார்கள், இப்போது மெயின் ரோட்டில் லாரிக்கு நடுவில் நடக்கிறார்கள். பள்ளிவிட்டு வரும் பையன்களுக்குத் தூண்டில் போட ஆசை. கிழவர்களுக்குச் சீட்டாட நிழல் வேண்டும். ஆடி 18க்கு முளைப்பாரி கரைக்க, சப்பரம் இழுத்து வர இடம் வேண்டும். கோடையில் குளம் வற்றினால் வண்டல் எடுக்க டிராக்டர் இறங்க வேண்டும். இது ஒவ்வொன்றுக்கும் கரையில் ஒரு வழி இருந்தால் குளம் தானாகக் காப்பாற்றப்படும். குளத்தில் யாருக்காவது வேலை இருக்கும்வரை அதில் குப்பை கொட்டுகிறவனைத் தட்டிக் கேட்க ஒருத்தர் இருப்பார்.

வற்றுவது என்றதும் ஞாபகம் வருகிறது. உன் குடியிருப்பில் குளம் வருஷம் முழுக்க நிரம்பியிருக்க வேண்டும் என்று கேட்கிறார்களாமே. எதற்கு? உதயமார்த்தாண்டபுரம் பாசன ஏரி, கோடையில் காய்ந்துபோகும். வடுவூரும் பாசன ஏரிதான். 2022ல் இரண்டுமே ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. வயலுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் அவற்றின் பிழைப்பு, பறவைகள் அதோடு ஒட்டிக்கொண்டன. சேறு வெடித்துப் புல் முளைத்து ஆடு மேய்கிற இரண்டு மாதமும் குளத்தின் வாழ்க்கைதான். அதை அசிங்கம் என்று நினைப்பவர்களுக்கு நீ படம் போட்டுத்தான் காட்ட வேண்டும். மழைக்காலத் தோற்றம், கோடைத் தோற்றம் என்று இரண்டு படம் கொடு.

பெண்கள் விஷயத்தை மறந்துவிடாதே. எல்லா வரைபடத்திலும் நடைபாதை இருக்கிறது, கழிப்பறை இல்லை. இருட்டில் நடக்க வெளிச்சம் வேண்டும், ஆனால் அந்த உயரக் கம்பம் வந்தால் அடையும் கொக்குகள் ஓடிவிடும். இடுப்பு உயரத்தில், தரையைப் பார்த்து எரியும் விளக்கு போதும்.

வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் போடுவதைப் பற்றி என் கருத்தைக் கேட்டிருந்தாய். எனக்கே இரண்டு மனசுதான். கான்கிரீட் போட்டால் தண்ணீர் மண்ணில் இறங்காது, கரை மரங்களும் பக்கத்துக் கிணறும் காயும் என்பது உண்மை. ஆனால் என் நாத்தனார் வீடு கடைமடையில், வழியில் மண்ணில் இறங்காத தண்ணீர்தான் அங்கே வரை போய்ச் சேரும். ‘உங்களுக்கு நிலத்தடி நீர், எங்களுக்கு வெறும் நிலம்’ என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இப்போது நீ கேட்ட மரங்கள். கோனோகார்பஸை முதலில் அடித்துவிடு. சீக்கிரம் வளரும், வருஷம் முழுக்கப் பச்சை என்று நர்சரிக்காரர் ஆசை காட்டுவார். குஜராத் அரசு 2023ல் தடை செய்தது, பிறகு நம் அரசும் கூடாது என்றுவிட்டது. தண்ணீர் ஓரத்தில் நீர்மருது, நாவல், புங்கன். கொஞ்சம் மேட்டில் இலுப்பை. வளர நேரம் எடுக்கும், ஆனால் பழுத்தால் வௌவால்கள் உனக்காக விதை பரப்பும். விளையாடும் இடத்தில் பூவரசு வை, பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதட்டும். எல்லையில் பனை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துக் கிடந்ததையும் பனைகள் பெரும்பாலும் நின்றதையும் நேரில் பார்த்தவள் நான். மியாவாக்கி முறையில் நெருக்கி நடச் சொல்கிறார்களாமே, ஒரு மூலையில் மட்டும் நடு. அதற்குள் குருவி போகும், ஆள் போக முடியாது. உட்கார நிழல் தருவது தள்ளி நட்ட மரம்தான்.

கழிவுநீர் எங்கே போகிறது என்று முதலில் பார். எங்கள் குளத்தில் இரண்டு தெருச் சாக்கடை விழுகிறது. அதைத் திருப்பாமல் எதைக் கட்டியும் பிரயோஜனமில்லை. குளத்துக்கு வெளியே ஒரு பள்ளம் எடுத்து, ஜல்லி போட்டு, கல்வாழையும் சம்பும் நட்டு, வடிந்த பிறகு உள்ளே விடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இதுவரை ஒப்புக்கொண்டது இவ்வளவு: மேற்குக் கரை சுவர் இல்லாமல் மண் சரிவாகவே இருக்கும், பழைய படித்துறைக் கற்களைப் பிரித்து அதே இடத்தில் மறுபடி அடுக்குவார்கள். வேலி ரோட்டுப் பக்கம் மட்டும். விளக்குக் கம்பத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், ஏற்கெனவே வாங்கிவிட்டார்களாம்.

உன்னிடம் ஒரு உதவி. அந்த மேற்குக் கரைக்கு ஒரு குறுக்குவெட்டுப் படம் போட்டுத் தருகிறாயா? மூன்று அடி நீளத்துக்கு ஒரு அடி இறக்கம் என்ற கணக்கில், எந்த மட்டத்தில் எந்தச் செடி என்று குறித்து, டிராக்டர் இறங்கும் பாதையும் சேர்த்து. நான் வாயால் சொன்னால் டீச்சர் பேசுகிறார் என்று கேட்டுக்கொள்கிறார்கள், படம் இருந்தால் பில்லில் ஏறும். அடுத்த கூட்டத்துக்குள் வந்தால் நல்லது. அளவெல்லாம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தா