சித்தப்பா, முதலில் அந்தப் பேனாவை ஃப்ரீசரிலிருந்து எடுங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நேற்று ராத்திரி சித்தி போன் பண்ணினார். "உங்க சித்தப்பா இன்சுலின் வாங்கிட்டு வந்து பதினெட்டு நாளாச்சு. இன்னும் உறையப் பிரிக்கல. கெட்டுப்போயிரக் கூடாதேன்னு நான்தான் ஐஸ் பெட்டியில எடுத்து வச்சிருக்கேன்" என்றார். ஐஸ் பெட்டியில் எங்கே என்று கேட்டேன். மேல் தட்டில், ஐஸ் கட்டி உறையும் இடத்தில், பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில்.

அந்த இன்சுலின் பேனா, பேனா மாதிரி இருக்கிற ஊசி, போனதுதான். உறைந்த இன்சுலின் உருகி மறுபடி தண்ணீர் மாதிரித் தெளிந்து நின்றாலும் அதை நம்பிப் போடக் கூடாது. என்ன விலை என்று தெரியும், எனக்கே வயிறு எரிகிறது. சித்தியைத் திட்டாதீர்கள். பிரிக்காமல் வைத்தது நீங்கள்.

போனிலேயே உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். "சரிம்மா, பாப்போம்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். கோவில்பட்டியில் முப்பத்திரண்டு வருடம் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர் நீங்கள். எழுத்தில் கொடுத்தால் தப்பு கண்டுபிடிப்பதற்காகவாவது கடைசி வரி வரை படிப்பீர்கள். ஊர் பார்க்க எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

1997 ஐப்பசி மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. எனக்குப் பதினொரு வயது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன், ராத்திரி முழுக்கக் கொல்லைப்பக்கம் ஓடினேன், பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மேல்மூச்சு வாங்கி, வாயில் அழுகின பழ வாடை அடித்த அன்றைக்கு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாடகைக் கார் பிடித்து மதுரைக்கு ஓடினது நீங்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. கிளம்புகிற அன்று நர்ஸ் அக்கா, "வீட்ல யாரு ஊசி போடுவீங்க?" என்று கேட்டார். அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நீங்கள் "எனக்குச் சொல்லிக் குடுங்க சிஸ்டர்" என்றீர்கள்.

அரை டஜன் சாத்துக்குடி வாங்கி வந்து, சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி, பழத்தில் குத்திக் குத்திப் பழகினீர்கள். மறுநாள் காலை என் தொடையில் போட்டபோது உங்கள் கை நடுங்கவே இல்லை. நம் வீட்டில் அப்போது ஃப்ரிட்ஜ் ஏது? பெரிய பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி, சட்டிக்குள் இன்சுலின் குப்பியை வைத்தீர்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளிப்பது தம்பி வேலை. கத்திரி வெயிலில்கூட அந்தச் சட்டி சில்லென்று இருக்கும். இந்தப் பானை வைத்தியத்தை இன்றைக்கும் கரண்ட் இல்லாத ஊர்களில் டாக்டர்களே சொல்லித் தருகிறார்கள்.

அதே மனிதர் இன்று தன் வயிற்றில் போட வேண்டிய ஊசியைப் பார்த்துப் பயந்துகொண்டு, காலையில் ஆவாரம்பூ டீ, சாயங்காலம் சிறுகுறிஞ்சான் பொடி என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற எச்பிஏ1சி 10.4. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. இதெல்லாம் எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது.

ஊசி வலிக்கும் என்று நீங்கள் பயப்படவில்லை, அது எனக்குத் தெரியும். தாத்தாவை நினைத்துக்கொள்கிறீர்கள். "அப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பிச்ச ஒம்பதாவது நாள் காலை எடுத்தாங்க" என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லி அது ஒரு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், வரிசையைச் சரியாகப் போட்டுப் பாருங்கள். மாத்திரை கேட்கவில்லை, இன்சுலின் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னது 1990-ல். தாத்தா மாட்டேன் என்றார். நாலு வருடம் பொடி, கஷாயம். காலில் மதமதப்பு வந்து செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தார். 1994-ல் கருவேல முள் குத்தினதும் தெரியவில்லை. சீழ் வைத்து, கால் கறுத்து, ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் இன்சுலின் போட்டார்கள். ஒன்பது நாளில் காலை எடுக்க வைத்தது அந்த ஊசியா, போடாமல் விட்ட நாலு வருடமா?

இன்னொன்றும் உங்கள் மனதில் ஓடுகிறது: இன்சுலினுக்கு வந்துவிட்டால் நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோம், வாயைக் கட்டவில்லை, நடக்கவில்லை. சித்தி தட்டில் சோற்றை அளந்து போடுகிற வீட்டில் இந்தக் குற்றவுணர்ச்சி எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இங்கிலாந்தில் 1977-ல் தொடங்கி 20 வருடம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளைக் கவனித்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. அதில் தெரிய வந்தது இது: நோய் கண்டுபிடிக்கப்படுகிற அன்றைக்கே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டிருக்கும். அப்புறமும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகும். உங்கள் பாஷையில் சொல்கிறேன். பெட்டி ஒட்ட நூறு பேர் வந்த ஆபீஸில் ஐம்பது பேர்தான் மிச்சம். மாத்திரைகளில் சில, அந்த ஐம்பது பேரை விரட்டி வேலை வாங்குகிற போர்மேன் மாதிரி. ஆளே இருபதாகிவிட்ட பிறகு போர்மேன் எவ்வளவு கத்தினாலும் பண்டல் நிறையாது. வெளியிலிருந்து ஆள் கூட்டி வர வேண்டும். அதற்காக முதலாளியை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

என் கதையில் ஆபீஸே கதவடைப்பு. முதல் வகைச் சர்க்கரை நோய் அப்படித்தான். 1922-க்கு முன்னால் இந்த நோய் வந்திருந்தால் என்னைப் பட்டினி போட்டு ஒன்றிரண்டு வருடம் இழுத்திருப்பார்கள், அதுதான் அன்றைய வைத்தியம். டொராண்டோவில் லெனார்ட் தாம்ப்சன் என்று 14 வயதுப் பையன், எலும்பும் தோலுமாய்க் கிடந்தவன், அந்த வருடம் ஜனவரி 11-ம் தேதி முதல் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டான். மருந்து சுத்தமாக இல்லாததால் அது சரியாக வேலை செய்யவில்லை. சுத்திகரித்து 23-ம் தேதி மறுபடி போட்டார்கள். பையன் தேறினான், அதற்கு அப்புறம் 13 வருடம் இருந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்று மருந்துக்கடை பில்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு டாலர் ஞாபகம் வரும்.

சரி, பேனாவுக்கு வருவோம். நீங்கள் எனக்குப் போட்ட காலத்து சிரிஞ்சை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். இதன் ஊசி 4 மில்லிமீட்டர், ஒரு பொன்னி அரிசி நீளம்கூடக் கிடையாது. பின்பக்கத் திருகைத் திருப்பினால் யூனிட்டுக்கு ஒரு 'டிக்'. கண் மங்கலாக இருந்தாலும் காதால் எண்ணிவிடலாம். புது ஊசியைத் திருகி மாட்டி, வெளி மூடி, உள் மூடி இரண்டையும் கழற்றுங்கள். உள் மூடியைக் கழற்ற மறந்துவிட்டு, "மருந்தே வரல, ரிப்பேர்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். முதலில் 2 யூனிட் வைத்து, ஊசி மேலே பார்க்கப் பிடித்து அழுத்துங்கள். நுனியில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். வீணாகிறதே என்று இதைத் தவிர்க்காதீர்கள். காற்று இருந்தால் உள்ளே போவது உங்கள் அளவாக இருக்காது. அப்புறம் உங்கள் அளவான 10 யூனிட் வைத்து, வயிற்றில் தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி நேராகக் குத்தி, கட்டை விரலால் முழுக்க அழுத்தி, எடுக்காமல் பத்து வரை எண்ணுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் மருந்து தோலுக்கு வெளியே வழியும். உங்களுக்குக் கொடுத்திருப்பது தெளிவான வகை, உருட்ட வேண்டாம், குலுக்க வேண்டாம். பால் மாதிரி இருக்கிற கலவை இன்சுலினைத்தான் உள்ளங்கையில் உருட்ட வேண்டும்.

ஒரு பேனாவில் 3 மி.லி., 300 யூனிட். ராத்திரி 10, சோதனைக்கு 2. இருபத்தைந்து நாள் வரும். திறந்த பேனாவை 28 நாளைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள், உங்கள் கணக்குக்குக் கச்சிதம். திறக்காததை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். திறந்தது 30 டிகிரிக்குள் வெளியிலேயே இருக்கலாம். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் அந்த 30-க்கு எங்கே போவது? பானையை எடுங்கள். போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள். குப்பையில் அப்படியே போட்டால் தெருவில் குப்பை அள்ள வருகிற அக்கா கையில் குத்தும்.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. காலேஜ் நாட்களில் தொப்புளுக்கு இடது பக்கம் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் போட்டேன். அங்கே வலி தெரியாது, அதனால். அந்த இடம் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தடித்துப்போனது. மருந்து அந்தக் கொழுப்புக் கட்டிக்குள் மாட்டிக்கொண்டு ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. காலையில் சர்க்கரை 280, மத்தியானம் 60. நான் திருட்டுத்தனமாக ஸ்வீட் தின்கிறேன் என்று ஹாஸ்டலில் பேச்சு. கடைசியில் ஒரு டாக்டர் ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை, விரலால் வயிற்றைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தார். நல்ல இடத்துக்கு மாறியதும் அதே அளவு அதிகமாகி, டோஸைக் குறைக்க வேண்டி வந்தது. நீங்கள் தினமும் இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்: இன்று வலம், நாளை இடம், அப்புறம் தொடை.

பேனா கட்டுப்படியாகவில்லை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் குப்பி இன்சுலின் இலவசம், அதுவும் உயிர் காக்கிற மருந்துதான். எதற்கு மாறினாலும் டாக்டரைக் கேட்டு மாறுங்கள். ஒன்றை மட்டும் கல்லில் எழுதி வையுங்கள்: நம் ஊர்க் குப்பி பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் இருப்பது 100. ஒரு தடவை தேனிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பேனா ஊசி தீர்ந்துபோய், புத்திசாலித்தனமாகச் சிவப்பு மூடி சிரிஞ்சால் பேனாவிலிருந்தே 10 கோடு வரை உறிஞ்சிப் போட்டுக்கொண்டேன். உள்ளே போனது 25 யூனிட். பந்திக்கு உட்காரவும் இல்லை, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். உசிலம்பட்டி தாண்டும்போது கை நடுங்கி, முதுகு தெப்பமாக நனைந்து, டிக்கெட் கேட்ட கண்டக்டரை "அப்பா" என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் வண்டியை நிறுத்திப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கடலைமிட்டாய் வேண்டாம். நம் ஊர்ப் பெருமைதான், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கினதுதான், ஆனால் கடலையில் இருக்கிற எண்ணெய் சர்க்கரையை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஆபத்துக்கு அது உதவாது.

ஊர் பார்க்க எழுதுகிறேன் என்றேனே. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "ஊசி விஷயத்த இப்பச் சொல்ல வேண்டாம், தாலி ஏறட்டும்" என்று பெரியவர்கள் எல்லோரும் பேசி வைத்திருந்தார்கள். நீங்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணுக்குப் பதினோரு வயசுல இருந்து சர்க்கரை. தினம் நாலு ஊசி. மறைச்சுக் கட்டிக் குடுக்க எங்களுக்கு இஷ்டமில்ல" என்றீர்கள். அம்மா உங்களோடு ஆறு மாதம் பேசவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் எழுந்து போனார்கள். அதற்கு அடுத்து வந்தவர்தான் இப்போது எனக்கு ஊசி வாங்கிக்கொண்டு வருகிறவர். இதுவரை 30,000 ஊசிக்கு மேல் போட்டிருப்பேன், எதையும் பாத்ரூமுக்குள் போய் ஒளிந்துகொண்டு போட்டதில்லை. பந்தியில், ரயிலில், ஆபீஸ் மேஜையில். எனக்கு அந்தப் பழக்கம் உங்களால் வந்தது. நீங்கள் போய் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று சித்தியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர்களாம். இதோ, மாப்பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் வருகிறேன். புதுப் பேனாவும் 4 மில்லிமீட்டர் ஊசி ஒரு பெட்டியும் என் பையில் இருக்கும். மத்தியானம் சோறும் கீரையும் போதும், சித்தியை அலைய விடாதீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் ஊசியை நான் போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை நீங்களே போடுங்கள். பழகிப் பார்க்க வேண்டும் என்றால் சாத்துக்குடி வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரிய மகள்

பின்குறிப்பு சித்திக்கு: பட்டாணி அங்கேயே இருக்கட்டும்.