ஏசிக்கு முன்னால் மேற்குச் சுவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் போதும், எந்த நாளிதழைப் பிரித்தாலும் ஏசி வாங்க யோசனை சொல்லும் கட்டுரை ஒன்று கண்ணில் படும். தங்கள் நாளிதழும் விலக்கல்ல. அறையின் நீள அகலத்துக்கு எத்தனை டன், எத்தனை ஸ்டார், இன்வெர்ட்டரா இல்லையா என்று விவரமாகத்தான் எழுதுகிறார்கள். அந்த அறையின் சுவர் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, தலைக்கு மேலே இருப்பது வெறும் கான்கிரீட் தளமா, அதன்மேல் ஏதாவது போட்டிருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. கடலூரிலும் சுற்று வட்டாரத்திலும் கட்டட மேற்பார்வையிலேயே காலம் கழித்தவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் புதிதாக மனை வாங்கிக் கட்டுபவர்களில் பெரும்பாலோர் பெரிய படுக்கையறையைத் தென்மேற்கில், கன்னிமூலையில்தான் வைக்கிறார்கள். மதியத்துக்கு மேல் சாய்வெயில் நேராக வந்து அடிப்பது அந்த அறையின் மேற்குச் சுவரில்தான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வாங்கிய சூட்டை உடனே உள்ளே விடாது. வெளிப்பூச்சில் விழுந்த வெயில் உள்பூச்சுக்கு வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும். அதாவது நாம் சாப்பிட்டு முடித்துப் பாய் விரிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும். வெளியே கடல்காற்று சிலுசிலுவென்று வீசிக்கொண்டிருக்க, இரவு பத்து மணிக்கு அந்தச் சுவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டது போலிருக்கும். வாஸ்துவோடு மல்லுக்கட்ட நான் வரவில்லை. அதே வாஸ்துதான் தண்ணீர்த் தொட்டியையும் கன்னிமூலை மாடியில் வைக்கச் சொல்லி, தெரிந்தோ தெரியாமலோ அந்த அறைக்குக் கொஞ்சம் நிழலும் கொடுத்திருக்கிறது. அறை அங்கேயே இருக்கட்டும். அதன் மேற்குச் சுவரை நடுவில் இடைவெளியில்லாத கெட்டிச் சுவராகக் கட்டாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

என் மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கிறாள். அவர்கள் வாங்கியிருப்பது 1930களில் கட்டிய வீடு. அங்கே 1920களுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் வெளிச்சுவர் பெரும்பாலும் இரட்டைச் சுவர். வெளியே ஒரு நாலரை அங்குலச் சுவர், உள்ளே இன்னொன்று, நடுவில் இரண்டு அங்குலம் போல இடைவெளி. இரண்டையும் அங்கங்கே இரும்புக் கம்பிகள் பிணைத்திருக்கும். தெருவில் நின்றபடியே கண்டுபிடித்துவிடலாம். எல்லா வரியிலும் செங்கல்லின் நீளப்பக்கம் மட்டுமே தெரிந்தால் நடுவில் இடைவெளி உண்டு. தலைப்பக்கமும் மாறிமாறித் தெரிந்தால் அது கெட்டிச் சுவர்.

நான் அங்கே போயிருந்த சமயம் அந்த இடைவெளியில் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு அடைக்க ஆட்கள் வந்தார்கள். தொழில் புத்தி, நானும் வெளியே போய் நின்றுகொண்டேன். செங்கல்லைத் தொடவே இல்லை. சாந்து வைத்த இணைப்பில் மட்டும், ஓர் அங்குலத்துக்கு மேல் போகாத துளைகளாக வரிசையாகப் போட்டார்கள். ஒரு துளையில் விளக்கு வைத்த சின்னக் கேமராக் குழாயை விட்டு, அந்தக் காலத்தில் கட்டியவன் சிந்திய சாந்துக் கட்டி உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு வாசலில் நின்ற வண்டியிலிருந்து குழாயை இழுத்து வந்து, உதிரிப் பஞ்சைக் காற்றோடு சேர்த்து உள்ளே ஊதினார்கள். மரத்தளத்துக்கு அடியில் காற்றுப் போக வைத்திருக்கும் ஓட்டைச் செங்கற்கள் மட்டும் அடைபடாமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பழைய சாந்தின் நிறத்துக்கே சாந்து கலந்து ஒவ்வொரு துளையையும் மூடினார்கள். துளை போட்ட இடம் எது என்று என்னாலேயே விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டி கிளம்பிவிட்டது.

அசையாமல் நிற்கும் காற்றைப் போல மலிவாகச் சூட்டைத் தடுக்கும் பொருள் வேறு கிடையாது. ஆனால் சுவருக்கு நடுவில் இருக்கும் காற்று சும்மா நிற்பதில்லை. சூடான பக்கம் மேலே ஏறும், குளிர்ந்த பக்கம் கீழே இறங்கும், இப்படிச் சுற்றிக்கொண்டே சூட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சுமந்து போகும். பஞ்சு அந்தச் சுற்றலை நிறுத்துகிறது. அடைத்த பிறகு சுவர் வழியே வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஹீட்டருக்கு எரிக்கிற கேஸ் அந்த அளவுக்கு மிச்சம்.

இதைப் படித்துவிட்டு இங்கேயும் பஞ்சு அடைக்கலாமா என்று யாரும் கிளம்ப வேண்டாம். நம் வீடுகளில் அடைப்பதற்கு இடைவெளியே கிடையாது. மேலும், அந்த இடைவெளியை வெள்ளைக்காரன் முதலில் விட்டது குளிருக்காக அல்ல, மழைக்காக. காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை வெளிச்சுவரை ஊறவைத்தாலும் உள்சுவருக்குத் தாண்டக்கூடாது என்பதுதான் கணக்கு. அங்கேயே சாரல் அதிகமுள்ள பகுதிகளில், இணைப்புச் சாந்து உதிர்ந்துபோன சுவர்களில் பஞ்சு அடைத்து, ஈரம் அதன் வழியாகவே உள்ளே ஏறிப் பூஞ்சை பூத்து, காசு கொடுத்து அடைத்ததை மறுபடி காசு கொடுத்து உறிஞ்சி எடுத்தவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை நம் கிழக்குச் சுவரில் எப்படி அறையும் என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல், இரண்டும் நம் வாசலில்தான் கரையேறின. உள்ளே காற்று சுற்றினாலும் கெட்டிச் சுவருக்கு அது மேல், அதனால் நமக்கு இடைவெளி வேண்டும். அது வெறுமையாகவே இருக்க வேண்டும்.

அதற்கு ஏற்ற கட்டுமானம் பக்கத்து மாநிலத்தில் பல காலமாக இருக்கிறது. பர்மிங்காமில் பிறந்து கேரளத்தில் வேரூன்றிய லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் ஏராளமாகக் கட்டிக் காட்டியது. ராட் ட்ராப் பாண்ட் என்பார்கள். ஒன்பது, நாலரை, மூன்று அங்குலச் செங்கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைப்பது. வெளியே மூன்று அங்குலம், உள்ளே மூன்று அங்குலம், சுவர் ஒன்பது அங்குலம் என்றால் நடுவில் மூன்று அங்குலம் தானாகவே காலி. இடையிடையே குறுக்குக்கல் இரண்டு பக்கத்தையும் கட்டிப் பிடிக்கும். செங்கல்லில் கால்வாசி மிச்சம், சாந்தும் குறையும்.

இதைச் சொன்னால் நம் கொத்தனார்கள் தலையைச் சொறிவார்கள். “நிக்காது சார்” என்பார்கள். நிற்கும். மூலைகளில் அந்த இடைவெளிக்குள்ளேயே கம்பி நிறுத்திக் கான்கிரீட் போட்டுவிட்டால் நம் புயலுக்கும் தாங்கும். எலியும் பூரானும் குடிவந்துவிடும் என்பது வீட்டுக்காரர்களின் பயம். அடிவரியும், ஜன்னலுக்குக் கீழும், கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டலை ஒட்டியும், மேல்வரியும் கெட்டியாகத்தான் கட்ட வேண்டும். அப்புறம் எலி நுழைய வழியேது? உண்மையான தொந்தரவு வேறு. நாட்டுச் செங்கல் ஒன்றுக்கொன்று கால் அங்குலம் ஏறி இறங்கும், அதை நிமிர்த்தி வைத்தால் வரி கோணும். சேம்பர் கல்லோ, நெய்வேலிச் சாம்பலில் செய்த ஃப்ளை ஆஷ் கல்லோ என்றால் அளவு பிசகாது. இன்னொன்று, சாந்து போடும்போது பள்ளத்தில் விழுந்து நிரம்பிவிட்டால் இடைவெளி விட்டதே வீண். இடைவெளியின் அகலத்துக்கு ஒரு மரச்சட்டத்தை மேலே வைத்துச் சாந்து போட்டுவிட்டு, எடுத்து அடுத்த கல்லுக்கு நகர்த்தினால் ஒரு கரண்டி சாந்துகூட உள்ளே விழாது. உப்புக் காற்றும் சாரலும் உள்ள ஊர் என்பதால் வெளிப்பூச்சை மட்டும் விட்டுவிடக் கூடாது.

கட்டி முடித்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வது? என் வீட்டில் மேற்குச் சுவருக்கு வெளியே மூன்று அங்குலம் தள்ளி நாலரை அங்குலத்தில் இன்னொரு சுவர் எழுப்பிப் பழைய சுவரோடு கம்பியால் பிணைத்தோம். அடியிலும் உச்சியிலும் வலை வைத்த ஓட்டைகள். வெயிலில் காய்ந்த காற்று மேலே ஏறி வெளியே போய்விடுகிறது. ஓர் ஏசியின் விலை ஆகவில்லை. அதற்கும் இடமில்லை என்றால் கம்பிவலையில் அவரைக்கொடியையோ சங்குப்பூவையோ ஏற்றிவிடுங்கள்.

சுவரைப் பற்றி இவ்வளவு சொன்னாலும் பெரிய குற்றவாளி மேல்தளம்தான். சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்துவிடும். ஆவணி தொடக்கத்தில் இன்னொரு முறை. முன்பெல்லாம் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டி இறுக்குவார்கள். கட்டை எகிறித் திரும்பும் வரை தட்ட வேண்டும். அதன்மேல் தட்டோடு, அதாவது சுட்ட மண்ணால் ஆன தட்டை ஓடு. இப்போது காண்ட்ராக்டர்கள் வாட்டர் ப்ரூஃப் மருந்து கலந்த ஒரு சிமென்ட் பூச்சோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். மத்திய அரசு 2018இல் வெளியிட்ட குடியிருப்புகளுக்கான எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட். வெறும் தளம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உள்ளே விடும். தட்டோடு மட்டும் அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடாது. அடியில் ஒன்றரை அங்குலக் கெட்டித் தெர்மோகோல் பலகை விரித்தால் வந்துவிடும். வசதியில்லாதவர்கள் கத்திரிக்கு முன்னால் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம். மழைக்குக் கரைந்தால் அடுத்த வருஷம் இன்னொரு கோட்டிங்.

காற்று இடைவெளி சுவரைவிடக் கூரையில் இன்னும் நன்றாக வேலை செய்யும். மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்று இருக்கும்போது நடுவில் உள்ள காற்று சுற்றுவதில்லை, அப்படியே நின்றுவிடும். இதை அறிந்து கட்டிய கட்டடம் 22 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி, ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து 1937இல் வேலை தொடங்கியது. தட்டையான கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைவான கான்கிரீட் ஓடுகளை வரிசையாக அமர்த்தி, நடுவில் காற்றை விட்டிருக்கிறார்கள். ஏசி என்ற பேச்சே நம் ஊரில் இல்லாத காலம் அது.

இப்போது ஏசி இருக்கிறது, மின்கட்டணமும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. நடுத்தரக் குடும்பம் எப்படியோ கட்டிவிடும். எனக்கு அதிகம் உறுத்துவது கூரை வீட்டிலிருந்து அரசு வீட்டுக்கு மாறியவர்களின் நிலை. கீற்றுக் கூரை தீக்கும் புயலுக்கும் பயந்தது, ஆனால் வெயிலுக்கு அஞ்சாது. அந்தக் கீற்றுக்குள் அடைபட்டிருந்ததும் காற்றுதான். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு, அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம். நல்ல திட்டம், குறை சொல்ல மனமில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் கோடையில் வாசலில்தான் படுக்கிறார்கள். என் கணக்குப்படி, அவ்வளவு பெரிய வீட்டுக்கு ஏழாயிரம் செங்கல் பிடிக்கும் என்றால், நிமிர்த்தி வைத்துக் கட்டும் முறையில் ஐயாயிரத்துச் சொச்சம் போதும். மிச்சமாகும் கல்லின் விலையில் தட்டோட்டுச் செலவில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

மாவட்ட நிர்வாகம் ஒன்றியத்துக்கு ஒரு மாதிரி வீட்டையாவது இப்படிக் கட்டிக் காட்ட வேண்டும், வழக்கமான வீடு ஒன்றின் பக்கத்திலேயே. திறப்பு விழாவைக் கத்திரியில், பிற்பகல் நாலு மணிக்கு வைத்துக்கொள்ளட்டும். ரிப்பன் வெட்ட வருகிறவர்கள் இரண்டு வீட்டிலும் ஃபேன் போடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் மைக்கைப் பிடிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.