பருத்தியை உள்ளே போடாதே, கயல்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ கேட்டதற்குப் பாதி பதில்தான் சொன்னேன், அதற்குள் உனக்கு பஸ் வந்துவிட்டது. "ரெண்டு டி-ஷர்ட், அதுக்கு மேலே ஹூடி, அதுக்கும் மேலே ஜாக்கெட் போட்டுத்தான் போறேன்ப்பா. ஆனாலும் பஸ் ஸ்டாப்ல நின்னா முதுகு சில்லுன்னு ஆயிடுது" என்றாயே, அது ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் அக்டோபரே முடியவில்லை. கனடாவில், அதுவும் உன் வினிபெக்கில், ஜனவரி மாதம் மைனஸ் 20 சர்வசாதாரணம், சில நாள் மைனஸ் 30-க்கும் கீழே இறங்கும். அதனால் உட்கார்ந்து விவரமாகவே எழுதுகிறேன். கோடவுன் தெருவில் துணிக்கடையில் இருந்த காலமெல்லாம் யார் யாருக்கோ துணி பார்த்துக் கொடுத்தவன், என் பிள்ளைக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப் போகிறேன்?

முதலில் அந்த முதுகு விஷயம். லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வேகமாக நடக்கிறாய். பை அழுத்துகிற இடத்தில் வேர்க்கிறது. குளிரில் எங்கே வேர்க்கும் என்று நினைக்காதே, கனமான ஜாக்கெட்டுக்குள் நன்றாகவே வேர்க்கும். அந்த வேர்வையை உன் காட்டன் டி-ஷர்ட் குடித்துவிடுகிறது. நடக்கிற வரை ஒன்றும் தெரியாது. நின்றதும் உடம்பில் சூடு உண்டாவது குறையும், ஈரத் துணி முதுகோடு ஒட்டிக்கொண்டு இருக்கிற சூட்டையும் உறிஞ்சி எடுத்துவிடும். தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும். இன்னொரு டி-ஷர்ட் போட்டால் இது தீராது. ஈரம் தாங்குகிற துணி இன்னொன்று கூடும், அவ்வளவுதான்.

பருத்தியை நான் குறை சொல்லவில்லை. மே மாதத்துச் சென்னையில் அது நமக்குச் செய்கிற உபகாரம் கொஞ்சமா? வேர்வையை உறிஞ்சும், கடற்காற்று பட்டதும் உலரும், உலரும்போதே உடம்பைக் குளிர்விக்கும். திருப்பூர் பனியனை மிஞ்சி நம் ஊர் வெயிலுக்கு எதுவும் கிடையாது. அங்கே அதே குணம்தான் உனக்கு எதிராக வேலை செய்கிறது. அதனால் உடம்பை ஒட்டி இருக்கிற எதிலும் பருத்தி வேண்டாம் கண்ணு. டி-ஷர்ட், பனியன், சாக்ஸ், லெக்கிங்ஸ் எதுவும். அறைக்குள் ஹீட்டர் ஓடும்போது, படுக்கும்போது, தாராளமாகப் போட்டுக்கொள்.

இன்னொன்றையும் புரிந்துகொள். எந்தத் துணியும் தானாகச் சூடு தராது. சாதப் பானையைப் போர்வையால் சுற்றி வைத்தால் போர்வையா அதைச் சூடாக்குகிறது? பானையில் இருக்கிற சூடு வெளியே போகாமல் நிற்கிறது. அதையும் நிறுத்துவது நூல் இல்லை, நூல்களுக்கு நடுவே அசையாமல் மாட்டிக்கொண்ட காற்று. அதனால்தான் இறுக்கமாக நாலு உடுப்பு போட்டவருக்குக் குளிர்கிறது, தளர்வாக மூன்று போட்டவருக்குக் குளிர்வதில்லை. இறுக்கினால் காற்று நசுங்கிப் போகும். ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் கால் விறைப்பதும் இதனால்தான், ரத்த ஓட்டமும் குறைகிறது.

அப்போ உள்ளே எதைப் போடுவது? கம்பளி. அதிலும் மெரினோ, அதாவது மெரினோ ஆட்டின் மெல்லிய ரோமம்.

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. சாதாரண அறைக் காற்றில் வைத்தால் 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். கம்பளி சுமார் 16 கிராம். பாலியெஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. 'கம்பளிதானே அதிகம் குடிக்கிறது, அப்போ அதுதானே மோசம்' என்று நீ கேட்பாய், தெரியும். விஷயம் என்னவென்றால், கம்பளி ஈரத்தை ஆவியாகவே இழைக்கு உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது, இழையின் வெளிப்புறம் தண்ணீரைத் தள்ளும். அதனால் தோலுக்கு நசநசப்பு தெரியாது. ஆவியை இழுக்கும்போது கொஞ்சம் சூடும் வெளிப்படும். அதோடு ஆட்டு ரோமம் இயற்கையிலேயே சுருள் சுருளாக இருப்பது, ஈரம் பட்டாலும் அந்தச் சுருள் படுத்துவிடாது, காற்று நிற்க இடம் இருந்துகொண்டே இருக்கும். பருத்தி நனைந்தால் சவசவவென்று ஒட்டிப்போகும்.

கடையில் பாலியெஸ்டரும் கம்பளியும் கலந்த டெரிவுல் சூட்டிங் துணிச் சுருளைப் பிரித்துப் போட்டால், விவரம் தெரிந்தவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் ஓரத்தைக் கைக்குள் கசக்கி, ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு விடுவார்கள். கம்பளி கூடுதலாக இருந்தால் கை திறந்ததும் துணி மெல்ல எழும்பிச் சுருக்கம் தானே கலையும். நீயும் ஸ்வெட்டர் வாங்கும்போது இதைச் செய்து பார். கசக்கியது கசக்கியபடியே கிடந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

கம்பளி என்றதும் உனக்குச் சின்ன வயதில் கழுத்தெல்லாம் அரித்தது ஞாபகம் வரும். அது தடித்த ரோமம். இழையின் பருமனை மைக்ரானில் சொல்வோம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 30 மைக்ரானை எட்டுகிற இழையின் நுனி வளையாது, தோலைக் குத்தும். நல்ல மெரினோ 17 முதல் 19 மைக்ரான், தோலில் பட்டதும் வளைந்துகொடுக்கும், அரிக்காது. உள்ளே போடும் மெரினோ 150, 200, 250 ஜிஎஸ்எம் என்று வரும், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. உனக்கு 200-ல் முழுக்கை மேலுடுப்பு இரண்டும், கால்வரை வரும் உள்பேன்ட் இரண்டும் போதும். விலை அதிகம்தான். ஆனால் கம்பளியில் வேர்வை வாடை சீக்கிரம் ஏறாது, காற்றாட மாட்டிவிட்டு மறுபடி போடலாம், தினம் துவைக்க வேண்டியதில்லை. பணத்தைப் பற்றி நீ யோசிக்காதே, அனுப்பிவிட்டேன். மெரினோ கிடைக்காத நேரத்தில் தெர்மல் என்று விற்கிற பாலியெஸ்டர் உள்ளுடுப்பு போடலாம். வேர்வையை வெளிப்பக்கம் தள்ளிச் சீக்கிரம் உலரும், வாடைதான் பிடிக்கும்.

நடுவில் போட ஃப்ளீஸ் நல்லது, அதாவது பாலியெஸ்டரில் பொசுபொசுவென்று வரும் துணி. இப்போது உலகமெங்கும் விற்கிற ஃப்ளீஸ், 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் மால்டன் மில்ஸ் என்ற ஆலை கொண்டுவந்ததில் இருந்து வந்தது. எடை இல்லை, நனைந்தாலும் சீக்கிரம் காய்கிறது. ஒரே குறை, காற்று ஊடுருவும். மேலே காற்றைத் தடுக்கிற ஜாக்கெட் இருந்தால்தான் அதற்கு மரியாதை.

ஜாக்கெட்டைத்தான் நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே வாங்கி அனுப்பலாம் என்று அம்மா சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன். அந்தக் குளிருக்குத் தைத்தது அந்த ஊரிலேயேதான் கிடைக்கும். வாத்து இறகின் அடியில் இருக்கும் மெல்லிய தூவி அடைத்ததை டவுன் என்கிறார்கள். அதில் 600, 700 என்று ஃபில் பவர் போட்டிருக்கும், எண் ஏற ஏற அதே எடைக்கு அதிகமாக உப்பி நிற்கும். 80/20 என்றிருந்தால் 80 பங்கு தூவி, 20 பங்கு இறகு. டவுனுக்கு எமன் தண்ணீர், நனைந்தால் கட்டி கட்டியாகிச் சூட்டை விட்டுவிடும். நல்லவேளையாக உன் ஊரின் நடுக்குளிர் உலர்ந்த குளிர், பனி தட்டினால் உதிர்ந்துவிடும். அதனால் தொடை வரை வருகிற, தொப்பி வைத்த டவுன் ஜாக்கெட் உனக்குச் சரியாக வரும். வான்கூவர் மாதிரி மழையும் குளிருமாக இருக்கிற ஊரானால் செயற்கைப் பஞ்சு அடைத்ததைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். நடக்கும்போது உடம்பு சூடேறுகிறது என்று தோன்றியதுமே ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிவிடு, வேர்க்கிற வரை காத்திருக்காதே. பஸ்ஸில் ஏறியதும், வகுப்புக்குள் போனதும் கழற்றிவிடு.

ஜீன்ஸும் பருத்திதான் என்பதை மறந்துவிடாதே. போட்டே ஆக வேண்டும் என்றால் உள்ளே மெரினோ இருக்கட்டும். சாக்ஸ் கம்பளியும் நைலானும் கலந்ததாக வாங்கு, நைலான் இல்லாவிட்டால் குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழும். கைக்கு விரல் தனித்தனியாக இருக்கும் கிளவுஸைவிட நாலு விரலும் சேர்ந்திருக்கும் மிட்டன் அதிகச் சூடு, விரல்கள் ஒன்றையொன்று காப்பாற்றும். காதை மூடுகிற குல்லா இல்லாமல் வாசல் தாண்டாதே.

எது வாங்கினாலும் முதலில் லேபிளைத் திருப்பிப் பார். கனடாவில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் லேபிளில் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. முகப்பில் 'வுல் ப்ளெண்ட்' என்று பெரிதாக எழுதியிருக்கும், உள்ளே பார்த்தால் 10 சதவீதம் கம்பளி, மீதி அக்ரிலிக். அக்ரிலிக் பார்க்கக் கம்பளி மாதிரியே பொசுபொசுவென்று இருக்கும், விலையும் குறைவு, ஆனால் சீக்கிரமே உருண்டை உருண்டையாகப் பந்து கட்டும்.

அம்மா மலைக்குச் சுற்றுலா போனபோது 'சுத்தக் கம்பளி' என்று ஒரு சால்வை வாங்கி வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, சமையலறைத் தொட்டிக்கு மேல் இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன். கம்பளியாக இருந்தால் தலைமுடி கருகிய நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகும். இதுவோ சுருண்டு உருகி, நுனியில் கடுகு அளவுக்குக் கறுப்பு மணியாகக் கட்டிக்கொண்டது. நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. அம்மாவுக்கு முகம் வாடிப்போயிற்று, அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். நீ அறையில் இதெல்லாம் செய்ய வேண்டாம், ஸ்மோக் அலாரம் இருக்கும். உனக்கு லேபிள் போதும்.

பழைய துணி விற்கும் கடைகளில் நல்ல கம்பளி ஸ்வெட்டர் குறைந்த விலைக்குக் கிடைக்கும், வாங்குவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார், பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் தெரிந்துவிடும். கம்பளியைத் துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, பிழிந்து முறுக்காமல் டவலில் சுருட்டி அழுத்தி, படுக்கப்போட்டு உலர்த்து. வெந்நீரிலும் டிரையரிலும் போட்டால் இழையின் மேல் இருக்கும் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஸ்வெட்டர் குழந்தை அளவுக்குச் சுருங்கிவிடும். தெர்மலுக்கு ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம், ஈரம் உறிஞ்சுவதைக் கெடுத்துவிடும்.

பொங்கலுக்குப் புடவை கட்டலாமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். தாராளமாகக் கட்டு. பட்டும் கம்பளி போல உயிரிடமிருந்து வந்த இழைதான், மெல்லிசாக இருந்தாலும் கதகதப்பு உண்டு. உள்ளே மெரினோ பேன்ட், பாவாடைக்கு மட்டும் காட்டனே போடு. அங்கே ஹீட்டர் காற்று மிகவும் வறண்டது, பாலியெஸ்டர் பாவாடை என்றால் புடவையெல்லாம் காலோடு ஒட்டிக்கொண்டு பொறி பறக்கும்.

இந்த வாரக் கடைசியில் முதலில் உள்ளாடையையும் சாக்ஸையும் வாங்கிவிடு, ஜாக்கெட்டை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். கடையில் நிற்கும்போதே லேபிளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. இங்கே நடுராத்திரியாக இருக்குமே என்று யோசிக்காதே, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருப்பேன். பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் பில் போடச் சொல்.

அன்புடன்,
அப்பா