அங்கன்வாடியில் முட்டையோடு பேச்சும் விளையாட்டும் கிடைக்க ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர் ஒருவரும் தாய்மார்கள் சிலரும்,
மதுரை மாவட்டம்.
(பெயர், முகவரி, கையொப்பம் இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம்,
தரமணி, சென்னை.

பொருள்: அங்கன்வாடி மையங்களில் முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவரை நியமிக்கவும், 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எடை பார்க்கும்போதே பேச்சு, விளையாட்டு வழிகாட்டலும் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் 1988-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்தவள். உலக வங்கிக் கடனில் 1980-இல் தொடங்கிய திட்டம் அது. மாதம் ஒருமுறை வேப்பமரக் கிளையில் தராசைக் கட்டி, 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு எடை பார்ப்போம். அழாத பிள்ளை கிடையாது. எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாளைக்குச் சத்துருண்டை கொடுப்போம். எடை ஏறியதும் நிறுத்திவிடுவோம். 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 1982-இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு மையம் தனியாக இருந்தது. பிற்பாடு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வந்து அங்கன்வாடி ஆனது. நானும் அங்கன்வாடி பணியாளர் ஆனேன்.

எடை பார்ப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. கையில் தூக்கினாலே கிலோவைச் சொல்லிவிடுவேன் என்று கேலி செய்வார்கள். ஆனால் ஒரு பிள்ளையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. வளர்ச்சி அட்டையில் ஒரு மாதம்கூட அவன் எடை சறுக்கியதில்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார். பாட்டிக்குக் காது மந்தம். இரண்டரை வயதாகியும் அவனுக்கு நான்கைந்து வார்த்தைக்கு மேல் வரவில்லை. அவன் வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். சத்துமாவு பாக்கெட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அவனோடு யார் பேசுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தாய்மார்கள் கையில் இருக்கும் தாய் சேய் நலப் பாதுகாப்பு அட்டையிலேயே அதெல்லாம் அச்சாகியிருக்கிறது. எந்த மாதத்தில் பிள்ளை திரும்பிப் பார்க்கும், எப்போது பேச்சு வரும், பெற்றோர் என்ன விளையாட்டுக் காட்டலாம் என்று படத்தோடு இருக்கிறது. நாங்கள் புரட்டுவது தடுப்பூசிப் பக்கத்தையும் எடைப் பக்கத்தையும்தான்.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் அங்கன்வாடிகளை நடத்தும் இந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே ஆறு சேவைகளை ஒன்றாகத் தருவதுதான் நோக்கம். ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல் பரிசோதனை ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அந்த ஆறில் ஒன்று. ஆகவே சோற்றையும் பாடத்தையும் சேருங்கள் என்று நாங்கள் புதிதாகக் கேட்கவில்லை. தாளில் 50 வருடமாக அவை சேர்ந்தேதான் இருக்கின்றன. சோற்றுக்கு மட்டும் கணக்கு இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 6 மாதம் முதல் 6 வயது வரை ஒரு பிள்ளைக்கு நாளுக்கு இத்தனை கலோரி, இத்தனை கிராம் புரதம் என்று இருக்கிறது. நம் மாநிலத்தில் 2 வயதுக்கு மேல் வாரத்துக்கு 3 முட்டை. ஒரு முட்டை குறைந்தாலும் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். பிள்ளையோடு அரை மணி நேரம் உட்கார்ந்து கதை சொல்லவில்லை என்றால் யாரும் கேட்பதில்லை.

காலை 10 மணியிலிருந்து 12 வரைதான் பிள்ளைகள் தெளிவாக இருக்கும் நேரம். பிறகு சாப்பாடு, தூக்கம். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் போஷன் டிராக்கர் செயலியில் வருகைப் பதிவு, எடை உயரப் பதிவு, சத்துமாவு வாங்க வரும் அம்மாவின் முகப்பதிவு எல்லாம் நடக்கின்றன. நெட்வொர்க் இல்லாவிட்டால் கைப்பேசியோடு வாசலுக்கு ஓட வேண்டும். தடுப்பூசி நாள், கர்ப்பிணி வீடு, வாக்காளர் பட்டியல் வேலை என்று அப்புறமும் வரிசை நீளும். உதவியாளர் அடுப்படியில். பக்கத்து மையத்தில் பணியிடம் காலி என்றால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் அருமையானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆடவும் பாடவும் ஆள் வேண்டாமா?

பாடம் நடக்காததால் சோறும் போய்விடுகிறது, இதைத் தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு 3 வயது முடிந்ததும், "அங்கன்வாடியில் என்ன சொல்லித் தர்றாங்க, சாப்பிட்டுத் தூங்கிட்டு வருது" என்று சொல்லிக் கடன் வாங்கியாவது வேன் வரும் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன், என் மகளும் அதையேதான் செய்தாள். அப்படிப் போன பெண் குழந்தை ஒன்றை ஆறு மாதம் கழித்துத் திருவிழாவில் தூக்கிப் பார்த்தேன். எடை இறங்கியிருந்தது. காலையில் பால் மட்டும், மதியம் டப்பாவில் இரண்டு இட்லி, அதுவும் பாதி திரும்பி வரும் என்றார் அம்மா. வாரத்துக்கு 3 முட்டை போயே போய்விட்டது. அரசுப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தால் காலை உணவுத் திட்டம் வந்துவிடுகிறது. இடையில் உள்ள இந்த இரண்டு மூன்று வருடம்தான் ஓட்டை.

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட 100 குழந்தைகளில் 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதும் பார்த்தால் 35-க்கு மேல். நாம் முன்னால் இருக்கிறோம், சரி. 2022-இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டமும் கடுமையான ஊட்டக்குறைவு உள்ள பிள்ளைகளைத் தேடிப் பிடித்து நல்ல வேலை செய்திருக்கிறது. ஆனாலும் நான்கில் ஒரு பிள்ளை.

எங்களோடு கையெழுத்திட்டுள்ள கல்லூரி ஆசிரியை ஒருவர் மூன்று ஆய்வுகளைப் படித்து எங்களுக்கு விளக்கினார். முதலாவது ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87 வாக்கில் சாலி கிரந்தம்-மெக்கிரகர் குழுவினர் தொடங்கியது. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், எல்லாம் 9 மாதம் முதல் 2 வயது வரை. ஒரு பிரிவுக்கு வாரம் 1 கிலோ பால்மாவு. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, வீட்டில் கிடைப்பதை வைத்துச் செய்த பொம்மைகளோடு தாய்க்கும் பிள்ளைக்கும் விளையாடச் சொல்லிக் கொடுப்பார். ஒரு பிரிவுக்கு இரண்டும். இன்னொரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. இரண்டு வருடம் கழித்து, பாலும் உதவியது, விளையாட்டும் உதவியது, இரண்டும் கிடைத்த பிள்ளைகள் எல்லோரையும் முந்தியிருந்தார்கள். 20 வருடம் கழித்து மறுபடி தேடிப் பார்த்தபோது, விளையாட்டு கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். பால் மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் முட்டையைக் குறைத்துவிட வேண்டாம். பசித்த பிள்ளை விளையாடாது.)

இரண்டாவது, பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், நம் அங்கன்வாடி போலவே அரசின் பெண் சுகாதாரப் பணியாளர்களை வைத்து நடந்தது. பிள்ளையோடு பேசி விளையாட வழிகாட்டியதில் அறிவும் பேச்சும் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் அதோடு கூடுதல் ஊட்டச்சத்தைச் சேர்த்தபோது அந்த வளர்ச்சியில் பெரிய கூடுதல் பலன் வரவில்லை. சேர்த்தாலே இரட்டிப்பாகிவிடும் என்று நாங்களும் சொல்லவில்லை. உடலுக்கு வேண்டியது தனி, பேச்சுக்கு வேண்டியது தனி. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது என்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

மூன்றாவதற்கு வெளியூர் போகவே வேண்டாம். நம் தமிழ்நாட்டு அங்கன்வாடிகள் 320-ஐ எடுத்துக்கொண்டு, பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் உடன் இருவரும் செய்த ஆய்வு அது. பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். பாடம் நடக்கும் நேரம் இரு மடங்கானது. 18 மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள். அதோடு வளர்ச்சிக் குறைவும் கடுமையான ஊட்டக்குறைவும்கூட அந்த மையங்களில் குறைவாக இருந்தன. பாடம் சொல்ல ஆள் போட்டால் எடை எப்படிக் கூடும் என்று எங்களில் சிலர் கேட்டார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைப் பார்க்க நேரம் கிடைத்துவிட்டதே! ஆகும் செலவைவிட வரும் பலன் மிக அதிகம் என்றும் அந்த ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. நம் மண்ணில் செய்து பார்த்த ஒன்றை மாநிலம் முழுக்க ஏன் கொண்டுவரக் கூடாது என்பதுதான் இந்த மனு.

54 ஆயிரத்துக்கும் அதிகமான மையங்களில் ஒரே நாளில் ஆள் போட முடியாது என்று தெரியும். முதல் வருடம் மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்ணாகப் பார்த்து அரைநாள் வேலைக்கு எடுங்கள். காலை வேளை முழுவதும் அவர் பிள்ளைகளோடு மட்டும் இருக்க வேண்டும். அவர் கையில் பதிவேடோ செயலியோ கொடுக்கக் கூடாது. இதை ஆணையிலேயே எழுதிவிட வேண்டுகிறோம், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அவரும் எங்களைப் போல் ஆகிவிடுவார். மதிப்பூதியம் கௌரவமாக இருக்கட்டும். அங்கன்வாடி பணியாளருக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பு வாங்க 2022-இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. புதிதாக வருகிறவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மையத்துக்கு வருவதில்லை, நாம்தான் போக வேண்டும். அதற்குப் புதுப் பணியிடம் வேண்டாம். எடை பார்க்கும்போதும் சத்துமாவு கொடுக்கும்போதும் பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பிள்ளை குரல் கொடுத்தால் பதில் பேசுங்கள், ஊட்டும்போது கைப்பேசியைக் காட்டாமல் முகத்தைப் பார்த்து ஊட்டுங்கள், கொட்டாங்குச்சியும் கரண்டியும் கொடுத்துத் தட்டவிடுங்கள் என்று செய்து காட்டலாம். (புளியங்கொட்டை மட்டும் 3 வயதுக்கு மேல்தான். சின்னது வாயில் போட்டுக்கொள்ளும்.) 2024-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட 'நவ்சேத்னா' வழிகாட்டி பிறந்ததிலிருந்து 3 வயது வரை மாதவாரியாக இதைத்தான் சொல்கிறது. ஒருநாள் பயிற்சி கொடுத்துக் கையேட்டைத் தந்து அனுப்பிவிடாமல், மேற்பார்வையாளர் மையத்துக்கு வரும்போது ஒரு வீட்டுக்காவது பணியாளரோடு போய் அதைப் பார்க்க வேண்டும். மாதாந்திர அறிக்கையில் எடைக்குப் பக்கத்தில் 'பேச்சு' என்று ஒரு கட்டம் சேருங்கள். கட்டம் இருந்தால் நாங்கள் கேட்போம்.

செயலிப் பதிவு முழுவதும் தங்கள் கையில் இல்லை, தேர்தல் பணியும் தங்கள் கையில் இல்லை என்பதை அறிவோம். காலை 10 முதல் 12 வரை மையத்தில் அந்த வேலைகள் எதுவும் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை மட்டும் தங்களால் அனுப்ப முடியும்.

எந்த அலுவலர் மீதும் இது புகார் அல்ல. நான் பார்த்த மேற்பார்வையாளர்களில் பலர் எங்களைவிட அதிகம் அலைந்தவர்கள்.

எந்த ஒன்றியத்தை முதலில் எடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம். எங்கள் ஒன்றியத்தை எடுத்தால், முதல் மூன்று மாதம் புதிதாக வரும் பெண்களோடு நான் ஊதியம் இல்லாமல் வருகிறேன். தங்கள் பதிலை இணைப்பில் உள்ள முகவரிக்கு அனுப்ப வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர் மற்றும் தாய்மார்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், பணிச் சான்று நகல், தாய் சேய் நலப் பாதுகாப்பு அட்டையில் குழந்தை வளர்ச்சிப் பக்கத்தின் நகல்.