எங்க வீதிக்கு ஒரே ஒரு ஒயர்தானுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

குன்னத்தூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில குடியிருக்கறனுங்க. திருப்பூர் பிரிண்டிங் யூனிட்டுகளுக்கு டிசைன் செபரேஷன் பண்ணிக் குடுக்கறதுதான் பொழப்பு. பையர் அனுப்பற டிசைனை கலர் கலராப் பிரிச்சு, ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன் போடற மாதிரி ஃபைல் ரெடி பண்ணோணும். முன்ன திருப்பூர்ல ரூம் எடுத்துதான் பண்ணீட்டு இருந்தேன், அப்பாவுக்கு ஒடம்புக்கு முடியாமப் போனதுல சிஸ்டத்தை ஊருக்கே கொண்டாந்துட்டேன், ஃபைபர் வந்துருச்சே இனி எங்க உக்காந்து வேலை செஞ்சா என்னன்னு நெனச்சுத்தான்.

போன மாசம் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்றனுங்க. எட்டு கலர் டிசைன், ஃபைல் 700 எம்பிக்கு மேல. விடியால யூனிட்காரங்க ஸ்ட்ரைக் ஆஃப்னு சொல்ற சாம்பிள் பிரிண்ட் அடிச்சு பையருக்குக் காட்டோணும். ஒம்போது மணிக்கு அப்லோட் போட்டேன், பத்தேகாலுக்கு 38 சதவீதத்துல நின்னுபோச்சு, திருப்பி முதல்ல இருந்து போட்டா மறுபடியும் அதே கதை. இதுல என்ன வேதனைன்னா அதே நேரத்துல ஆசாரத்துல எம்பட பசங்க யூடியூப் பாத்துட்டு இருக்கறாங்க, படம் கண்ணாடி மாதிரி ஓடுது, ஒரு எடத்துல கூட சுத்தலை. நெட் லைன்காரருக்குப் போன் போட்டு "ஏனுங்ணா, ஃபைல் ஏறவே மாட்டீங்குதுங்ளே"ன்னேன், "வீடியோ ஓடுதுங்ளா? அப்ப எங்க பக்கம் கிளியரா இருக்குதுங்ணா"ன்னு வெச்சுட்டார். கடைசில பென் டிரைவ்ல போட்டுட்டு பெருமாநல்லூர் வழியா வண்டியில திருப்பூர் போய்க் குடுத்துட்டு வந்தேன். வீடு வந்து சேரும்போது மணி ஒண்ணுங்க.

அதுக்கப்பறம்தான் இதைப் பத்தித் தேடித்தேடிப் படிச்சேன். ஜனங்க அதிகமாப் பாக்கற வீடியோவை எல்லாம் பக்கத்துலயே ஒரு சர்வர்ல சேத்து வெச்சிருப்பாங்களாம், அதனால அது வேகமா வருது, இது தப்பும் இல்லை, எல்லா சைட்டையும் ஒரே மாதிரி விடோணும்னு 2018ல மத்திய அரசு போட்ட விதியிலயே இதுக்கு விலக்கு இருக்குது. அப்பறம் ஈபி போஸ்ட்ல தொங்கற அந்தச் சின்ன பாக்ஸ்ல ஒரு ஃபைபரை 32 வீடு, 64 வீடுன்னு பிரிக்கறாங்க, ஜிபான்னு சொல்ற அந்த முறையில அத்தனை வீட்டுக்கும் சேத்து கீழ வர்றது (டவுன்லோட்) நொடிக்கு 2.5 ஜிகாபிட், மேல போறது (அப்லோட்) அதுல பாதி, 1.25 ஜிகாபிட்தான். போஸ்டர்ல 100 எம்பிபிஎஸ்னு பெருசாப் போடறது பெரும்பாலும் டவுன்லோட். எங்கள மாதிரி அனுப்பற வேலை செய்யறவங்களுக்கு வேண்டியது அப்லோட், அதைப் பத்தி எம்பட பில்லுல ஒரு வரி கெடையாது. ஆனா உண்மையிலயே நெரிசலா, இல்ல ஃபைல் அனுப்பற சைட்டை மட்டும் வேணும்னே மெதுவாக்கி வெச்சிருக்கறாங்களா, இதை ஒரு சாதாரண கஸ்டமர் எப்படிங்க கண்டுபுடிக்கறது? கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

நெட் நியூட்ராலிட்டி, அதாவது எந்த சைட்டுக்கும் பாரபட்சம் காட்டக் கூடாதுன்னு சொல்றது இந்த எடத்துலதான் வருது. எம்பட மாமனார் ஊரு சென்னிமலைப் பக்கம், கீழ்பவானி பாசனம். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர், ஒரு போகம் ஒற்றைப்படை மதகுக்கு, அடுத்த போகம் இரட்டைப்படை மதகுக்கு. தண்ணி கம்மியா இருந்தா எல்லாருக்கும் சேத்துக் கம்மி பண்ணுவாங்க, அதைப் பொறுத்துக்கலாம். ஆனா ஒருத்தன் தனியாக் காசு குடுத்தான்னு அவன் மதகை மட்டும் தூக்கி விட்டா ஊரே தெரண்டு வந்துரும். நெட்டுலயும் அதே ஞாயந்தானுங்க. மாசத்துக்கு 3300 ஜிபி தாண்டினா ஸ்பீடைக் கொறைக்கறேன்னு முன்கூட்டியே சொல்லீட்டு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கொறைச்சா அது பிளான் சமாச்சாரம், இந்த சைட்டு வேகமா அந்த சைட்டு மெதுவான்னு பிரிச்சா அதுதான் அக்கிரமம்.

இந்த உரிமை நமக்குச் சும்மா கெடைக்கலைங்க. 2014 டிசம்பர்ல நெட்ல பேசற காலுக்குத் தனியாக் காசுன்னு ஒரு பெரிய மொபைல் கம்பெனி அறிவிச்சு, எதிர்ப்பு வந்து நிறுத்தினாங்க. 2015ல டெலிகாம் கம்பெனிகளைக் கண்காணிக்கற டிராய் இதைப் பத்திக் கருத்துக் கேட்டப்ப 10 லட்சத்துக்கும் மேல ஈமெயில் போச்சு, அதுல எம்பட ஈமெயிலும் ஒண்ணு, அப்ப நான் திருப்பூர் ரூம்ல இருந்தேன். அப்பறம் ஃபேஸ்புக்காரங்க ஃப்ரீ பேசிக்ஸ்னு கொண்டாந்தாங்க, அவங்க சேத்துக்கற சைட்டு மட்டும் ஓசி, மத்ததுக்குக் காசு. 2016 பிப்ரவரி 8ந் தேதி டிராய் அந்த மாதிரி வெலை வித்தியாசத்தைத் தடை பண்ணுச்சு, மீறினா ஒரு நாளைக்கு 50 ஆயிரம் ரூபாய், மொத்தம் 50 லட்சம் வரைக்கும் அபராதம். 2018 ஜூலையில மத்திய அரசு, எந்த சைட்டையும் தடுக்கக் கூடாது, மெதுவாக்கக் கூடாது, காசு வாங்கீட்டு ஒண்ணை முன்னாடி விடக் கூடாதுன்னு முடிவு பண்ணி, அப்பறம் கம்பெனிகளோட லைசென்ஸ்லயே சேத்துட்டாங்க. அமெரிக்காவுல இதே மாதிரி விதியை 2015ல கொண்டாந்து, 2017ல எடுத்து, 2024ல திருப்பிக் கொண்டாந்து, 2025 ஜனவரியில கோர்ட்டு அடிச்சுப்போட்டுது. அந்தக் கணக்குல பாத்தா நம்ம விதி எவ்வளவோ உறுதியானது, அதுல எனக்குப் பெருமைதானுங்க.

ஆனா பேப்பர்ல இருக்கற விதி எங்க வீதிக்கு வந்து சேரலைங்களே. விதியை ஒருத்தன் மீறினா நான் வேற ஆளுகிட்டப் போயிருவேன்ங்கற பயம் அவனுக்கு இருக்கோணும். சிம்முக்கு அது இருக்குது, 2011 ஜனவரியில இருந்து நாடு பூராவும் நம்பரை மாத்தாமயே கம்பெனி மாறலாம். வீட்டு லைனுக்கு எங்க மாறறது? நாட்டுல பிராட்பேண்ட் கனெக்ஷன் 90 கோடிக்கு மேல, அதுல ஒயர்ல வர்றது 4 கோடி சொச்சந்தான், அதுவும் பெரும்பாலும் டவுன்ல. எங்கள மாதிரி தோட்டத்துக்கு ஒரு வீடுன்னு தள்ளித்தள்ளி இருக்கற எடத்துல முன்ன கேபிள் டிவி இழுத்தவர்தான் இப்ப நெட்டும் இழுக்கறார், அவரு எந்தக் கம்பெனியோட சேந்திருக்கறாரோ அதுதான் எங்க கம்பெனி. இன்னொரு கம்பெனிக்கு நானே போன் பண்ணிக் கேட்டேன், "உங்க ஏரியா ஃபீசிபிள் இல்லைங்க சார்"னுட்டாங்க. ஆறு மாசக் காசை முன்னாலயே கட்டியாச்சு, மோடமும் அவங்குளுது, வேற லைனுக்கு ஆகாது. 5ஜி வெச்சுக்கலாமேன்னு டவுன்ல இருக்கற மச்சான் சொல்றார், தென்னந்தோப்புக்கு நடுவால சிக்னல் ஒரு புள்ளி வந்தாலே பெருசுங்க.

லைன்காரரைக் குத்தம் சொல்றதுக்காக இதை எழுதலீங்க. மழைக்காத்துல ஒயர் அறுந்தா ராத்திரியானாலும் ஏணியத் தூக்கீட்டு வர்றது அவருதான். மேல இருக்கற கம்பெனி அவருக்கு எவ்வளவு குடுக்குதோ அதைத்தான் அவரு பங்கு போட்டுக் குடுக்க முடியும்.

இப்ப இன்னொரு பேச்சும் ஓடுது. அதிகமா டேட்டா ஓடற பெரிய ஆப் கம்பெனிக நெட்வொர்க்குக்குப் பங்கு கட்டோணும்னு டெலிகாம் கம்பெனிக ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்கறாங்க. கேக்கறதுக்கு ஞாயமாத்தான் தெரியும். தென்கொரியாவுல அந்த மாதிரிக் கட்டணத்தைக் காரணமாச் சொல்லித்தான் ட்விட்ச்ங்கற வீடியோ கம்பெனி 2024 பிப்ரவரியில கடையச் சாத்தீட்டுப் போச்சு. நான் மாசாமாசம் காசு கட்டறதே எல்லா சைட்டும் வர்றதுக்குத்தான், அதுக்கு அந்தப் பக்கமும் வசூல் பண்ணினா கடைசில அது எம்பட தலையிலதான் வந்து விழும். இதுக்கு அரசாங்கம் ஒத்துக்கவே கூடாதுங்க.

தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் ஃபைபர் கொண்டு போறதுக்குன்னு டான்ஃபினெட்னு ஒரு அரசுக் கம்பெனியே இருக்குது. அந்த ஃபைபர் ஊராட்சி ஆபீசோட நிக்காம, அங்கிருந்து எந்தக் கம்பெனி வேணும்னாலும், எந்தக் கேபிள்காரர் வேணும்னாலும் ஒரே வாடகைக்கு எடுத்து வீட்டுக்கு விடலாம்னு தொறந்து விட்டாப் போதும், எங்க வீதிக்கு ரெண்டாவது ஆள் வந்துருவார். அப்லோட் எவ்வளவு, ஒரு பாக்ஸ்ல எத்தனை வீடு, இது ரெண்டையும் பில்லுல அடிக்கச் சொல்லோணும். வேணும்னே மெதுவாக்கறாங்களான்னு ஊரூராப் பாத்து டிராய் மாசாமாசம் வெளியிடோணும். அதைத் தனி ஆள் நிரூபிக்க முடியாதுங்க.

வாசகர்களுக்கும் ஒண்ணு. டெலிகாம் கேசெல்லாம் கன்சூமர் கோர்ட்டுக்கு வராதுன்னு கம்பெனிக்காரங்க சொன்னா நம்பாதீங்க, வரும்னு 2022 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. நான் முதல்ல கம்பெனியில புகார் நம்பர் வாங்கி, அவங்களோட அப்பீல் அதிகாரிக்கும் எழுதிப் போட்டிருக்கறேன், அந்த ராத்திரி 38 சதவீதத்துல நின்ன ஸ்கிரீன்ஷாட்டையும் சேத்து. இன்னும் பதில் வரலைங்க. வர்ற 14ந் தேதி ஆறு மாச பிளான் முடியுது, மறுபடியும் அதே கம்பெனிக்குத்தான் கட்டோணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குன்னத்தூர், திருப்பூர் மாவட்டம்.